மொக்கைக் காட்டுப் படங்களுக்கு ஒரு வக்காலத்து

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கண்டிக்கு வந்துபோன கதையை இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டேவிட் லீன் கித்துல்கலவில் பாலம் கட்டி, அதை ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்த கதையும் அப்படித்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனால் ஆறு தெரியும் வளைவில் பக்கத்து சீட்காரர் கட்டாயம் கையை நீட்டிக் காட்டுவார். ஆனால் செர்ஜியோ மார்ட்டினோ வந்த கதையையோ உம்பர்ட்டோ லென்சி வந்த கதையையோ யாரும் சொல்வதில்லை. சுற்றுலாச் சபை போஸ்டர் அடிப்பதில்லை. ஏன்? அவர்கள் எடுத்தது மொக்கைப் படம். மனிதன் மனிதனைத் தின்கிற படம். முதலை ரப்பரில் செய்த முதலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற படம்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மலைகளையும் அவற்றில் வாழ்கிற எங்களையும் பொறுத்தவரை, ஒஸ்கார் வாங்கிய படங்கள் செய்த அநியாயத்தை விட இந்த மொக்கைகள் செய்தது குறைவு. பெருமையாகச் சொல்லிக்கொள்வதை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெரிய படங்களிடமிருந்து தொடங்குவோம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். 70களின் நடுவிலிருந்து 80களின் கடைசி வரைக்கும் இத்தாலியில் ஒரு தொழில் நடந்தது. அமெரிக்காவில் எந்தப் படம் ஓடுகிறதோ, அதே மாதிரி ஒன்றைச் சில்லறைக் காசில் எடுத்துத் தள்ளுவது. 'ஜாஸ்' ஓடினால் இவர்களிடம் ஒரு முதலை வரும். 'அபோகலிப்ஸ் நவ்' ஓடினால் வியட்நாம் வரும். 'ரம்போ' ஓடினால் தலையில் பட்டி கட்டிக்கொண்டு கத்திக்கொண்டே சுடுகிற ஒருவன் வருவான். பல சமயம் முதலில் போஸ்டரை வரைவார்கள், அதைக் காட்டி வியாபாரம் பேசுவார்கள், கதை அதற்குப் பிறகுதான். இத்தாலியப் பெயரைப் பார்த்தால் சனம் டிக்கெட் வாங்காது என்று பெயரையும் மாற்றிக்கொள்வார்கள். அன்டோனியோ மார்கெரிட்டி 'அன்தனி எம். டோசன்' ஆனார். புரூனோ மாத்தேய் 'வின்சென்ட் டோன்'. ஃபப்ரிசியோ டி ஆஞ்சலிஸ் 'லாரி லட்மன்'. ஸ்பொட்டில் ஒலிப்பதிவு கிடையாது. ஒவ்வொரு நடிகரும் ஒவ்வொரு பாஷையில் வாயசைப்பார், ரோமில் உட்கார்ந்து மொத்தமாக டப் பண்ணிக்கொள்வார்கள். வாய் ஒன்று பேச, குரல் வேறொன்று பேசும். தெலுங்கு டப்பிங் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு குறையே இல்லை.

காட்டுப் படம் என்ற வகைக்கு அவர்களிடம் ஒரு பரம்பரையே உண்டு. எமிலியோ சல்காரி என்ற எழுத்தாளர், ஆசியாவை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக் காட்டையும் காளிக்குக் கழுத்து நெரித்துப் பலி கொடுக்கும் கூட்டத்தையும் பற்றிக் கதை கதையாக எழுதிக் குவித்தார். அவர் படைத்த கடற்கொள்ளைக்காரன் சந்தோகன் 1976இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது நடித்தது நம்ம கபீர் பேடி. இத்தாலியில் அவருக்கு இன்றைக்கும் மவுசு குறையவில்லை. காட்டைப் பார்க்காமலே காட்டை எழுதுவது என்கிற பழக்கம் அங்கிருந்து வருகிறது. காளி விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இந்தக் கூட்டம் 70களின் கடைசியில் இலங்கைக்கு வந்தது. 1978இல் மார்ட்டினோவின் 'தி மவுண்டன் ஒஃப் தி கேனிபல் கோட்'. முதல் ஜேம்ஸ் பொண்ட் படத்தில் கடலிலிருந்து எழுந்து வந்தாரே உர்சுலா ஆண்ட்ரஸ், அவர்தான் நாயகி. காணாமல் போன புருஷனைத் தேடி நியூ கினியாக் காட்டுக்குள் போவார், அங்கே மனிதன் தின்னிகள் அவரைப் பிடித்துத் தெய்வமாக்கி விடுவார்கள். அந்த நியூ கினியா, இலங்கை. 1979இல் அதே மார்ட்டினோவின் 'தி கிரேட் அலிகேட்டர்', 1980இல் லென்சியின் 'ஈட்டன் அலைவ்', இரண்டும் இங்கேயே. லென்சி இன்னும் சிக்கனக்காரர். தன்னுடைய பழைய படத்திலிருந்தும் மற்றவர்கள் படத்திலிருந்தும் காட்சிகளை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார். அதில் ஒன்று தாய்லாந்தில் எடுத்தது. இலங்கைக் காட்டில் நடந்துபோகிற ஆள் இன்னொரு நாட்டுக் காட்டில் கடிபடுகிறான்!

80களில் அந்த யூனிட்டுகள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டன. மார்கெரிட்டியின் 'தி லாஸ்ட் ஹன்டர்' (1980), டி ஆஞ்சலிஸின் 'கோப்ரா மிஷன்' (1986), மாத்தேயின் 'ஸ்ட்ரைக் கொமாண்டோ' (1987) எல்லாம் அங்கே எடுத்தவை. கடைசியாகச் சொன்னதில் ஹீரோ, செத்துக்கொண்டிருக்கிற கிராமத்துச் சிறுவனை மடியில் போட்டுக்கொண்டு டிஸ்னிலாந்து எப்படி இருக்கும் என்று அழுதுகொண்டே வர்ணிப்பார். நாங்கள் கூட்டமாகப் பார்த்தபோது சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்கு விக்கல் எடுத்துவிட்டது. பிலிப்பைன்ஸுக்கு அவர்கள் போனதற்குக் காரணமும் கொப்பொலா போட்ட பாதைதான். 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு மார்க்கோஸ் அரசு இராணுவ ஹெலிகொப்டர்களை வாடகைக்குக் கொடுத்தது. தெற்கே கிளர்ச்சிக்காரர்களை அடிக்க வேண்டியிருந்தால் படப்பிடிப்பின் நடுவிலேயே அவற்றைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஒரே ஹெலிகொப்டர், காலையில் சினிமாவுக்கு, மாலையில் நிஜத்துக்கு.

சரி, இந்தப் படங்களில் எதை வைத்து வக்காலத்து வாங்குகிறோம்? காசில்லாததை வைத்துத்தான். செட் போடக் காசில்லாத படத்தில் பொய் பொய்யாகவே தெரியும். நியூ கினியா என்று எழுத்துப் போட்டாலும் நம்ம ஊர் முகம் நம்ம ஊர் முகமாகவே நிற்கும். இடுப்பில் இலையைக் கட்டி, முகத்தில் சுண்ணாம்பு பூசி நிறுத்திய ஆட்களில் பாதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது போலத்தான் எங்களுக்குத் தெரிகிறது. வெட்டு ஒட்டு எல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். யாரும் இதைப் பார்த்துவிட்டு 'ஓ, வரலாறு இப்படித்தான் நடந்ததா' என்று நம்ப மாட்டார்கள். பெரிய படத்தின் சங்கதி அப்படியில்லை. அதன் பொய்க்குத் தையலே தெரியாது.

'தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் க்வாய்' 1957இல் வந்தது, 7 ஒஸ்கார் வாங்கியது. கதை நடப்பது 1942–43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதையில். எடுத்தது ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் வரும் கித்துல்கலவில், களனி கங்கையின் மேல். படம் முழுக்க ஒரு பிரிட்டிஷ் கர்னலின் மானப் பிரச்சினை. நிஜத்தில் அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். பெரிய கொடுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே பாதையில் ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் அளவுக்கு இருந்தார்கள். அவர்களில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு நெருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்று சொல்வார்கள், ஆர். சண்முகம் அந்தப் பெயரிலேயே நாவல் எழுதியிருக்கிறார்.

அந்தத் தமிழர்கள் யார்? எங்கள் ஆட்கள்தான். ஒரே திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்கள். அதே கங்காணி, அதே கடன், அதே லயம். ஒரு கப்பல் மலாயாவுக்குப் போனது, ஒரு தோணி மன்னாருக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களின் சாவைப் பற்றிய படத்தை எங்கள் மலைக்குக் கீழே வந்து எடுத்தார்கள், அதில் அவர்களுக்கு இடமே இல்லை. கர்னலுக்கு விசில் பாட்டு உண்டு, எங்கள் ஆளுக்கு ஒரு ஃபிரேம் கிடையாது. அவர்கள் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மலைகளில் வாழ்ந்தவர்களின் குடியுரிமையும் வாக்கும் 1948–49 சட்டங்களால் பறிபோய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. படத்திலும் இல்லை, வாக்காளர் இடாப்பிலும் இல்லை. லென்சியின் மனிதன் தின்னிகள் இந்த அளவுக்கு யாரையும் விழுங்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் முந்தி, 1954இல் வந்த 'எலிபன்ட் வாக்' எங்கள் விஷயத்துக்கு இன்னும் கிட்ட வருகிறது. பரமவுண்ட் கம்பனி, எலிசபெத் டெய்லர். முதலில் விவியன் லீ நடிக்க வந்து, உடம்புக்கு முடியாமல் போனதால் டெய்லர் வந்தார். தூரத்துக் காட்சிகளில் தெரிவது இன்னும் விவியன் லீதான் (பாருங்கள், பெரிய கம்பனியும் ஒட்டுப் போடும்). கதை ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவைப் பற்றியது. யானைகள் காலங்காலமாகத் தண்ணீருக்குப் போகிற பாதையின் குறுக்கே பழைய துரை வீம்புக்குப் பங்களாவைக் கட்டிவிட்டார். தோட்டத்தில் கொலரா வருகிறது, ஆட்கள் சாகிறார்கள், கடைசியில் யானைகள் மதிலை உடைத்துக்கொண்டு வந்து பங்களாவைத் துவம்சம் செய்கின்றன.

யானைக்குக் கோபம் வரலாம். தொழிலாளிக்குக் கொலரா மட்டும்தான் வரலாம். அந்தப் படத்தின் அரசியல் இவ்வளவுதான். 1940 ஜனவரியிலேயே முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்து, பொலிஸ் சுட்டு, கோவிந்தன் என்ற தொழிலாளி செத்திருந்தார். பரமவுண்ட் வருவதற்கு முந்திய வருஷம், 1952இல், குடியுரிமை கேட்டு மலையகத் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மதிலுக்கு வெளியே கோபமாக நின்றது யானை மட்டுமில்லை. நிஜ யானைக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறோம்: மேஜர் ரொஜர்ஸ் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊவாப் பக்கம் இருந்தார், தனியாளாக 1,400க்கு மேல் யானை சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில். யானைப் பாதையை யார் மறித்தார்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் 'காடு' என்ற சொல்லோடு எங்களுக்கு இருக்கிற சண்டையைச் சொல்லியாக வேண்டும். மலிவுப் படம், பெரிய படம் எல்லாருக்கும் பொதுவான பொய் இது. இந்தப் பச்சையைப் பார்த்ததும் வெளியாள் கண்ணுக்குக் காடு. மனிதக் கை படாத இடம். ஆதி இயற்கை. எங்கே ஐயா இருக்கிறது ஆதி இயற்கை? சிவனொளிபாதமலைச் சரிவிலும் ஹோட்டன் சமவெளியிலும் இன்னும் சில உச்சிகளிலும் மிச்சம் இருக்கிறது. மற்றதெல்லாம் 1820களிலிருந்து கோப்பிக்காக வெட்டப்பட்டது. வெட்டியதில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரின் கோடரியும் உண்டு, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்துவந்து, வழியில் பாதிச் சனத்தைக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பறிகொடுத்துவிட்டு ஏறிய எங்கள் பாட்டன் பூட்டிகளின் கையும் உண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டார், 1869இல் கோப்பியில் இலை நோய் விழுந்தது, கொஞ்ச காலத்தில் மலை முழுக்கத் தேயிலை. வரப்பு, வடிகான், கல்லடுக்கு, மட்டம் வெட்டிய செடி, பாதை, ரயில் குகை. இதில் எது தானாக முளைத்தது? 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அது அந்தப் பாதையின் கணக்கைத் திரும்பச் சொல்வதற்குத்தான்.

ஆளை மனிதன் தின்னி என்று காட்டினால் 'அட, அநியாயம்' என்று எல்லாருக்கும் விளங்கும். மலையைக் காடு என்று காட்டினால் யாருக்கும் எதுவும் உறைக்காது. ஆனால் அதில்தான் 200 வருஷ வேலை மொத்தமாகக் காணாமல் போகிறது. காடு என்று சொன்ன நிமிஷமே அங்கே வேலை செய்தவன் இல்லை, கூலி பாக்கி இல்லை, காணி உரிமை என்ற பேச்சே இல்லை. இரண்டு தலைமுறை, ஐந்து தலைமுறை லயத்தில் இருந்தவனுக்கு ஏன் 7 பேர்ச் காணிக்கு இவ்வளவு இழுபறி என்று கேட்டால், எங்களுடைய பதிலில் பாதி இந்த 'காடு' என்ற சொல்லில் இருக்கிறது.

இப்போது காளிக்கு வருவோம். 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஒஃப் டூம்'. கதை 1935இல் இந்தியாவில் நடக்கிறது. இந்திய அரசு கதையைப் பார்த்துவிட்டு, இதை மாற்று, அதை மாற்று என்று கேட்டது. ஸ்பீல்பெர்க் யூனிட் 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்துவிட்டது. தொங்கு பால சண்டை, விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் எடுக்கப்பட்டது. கிராமத்துக் காட்சிகள் கண்டிப் பக்கம். அந்த 'இந்தியக்' கிராமத்தார் பேசுவது சிங்களம். கிராமத்துப் பூசாரியாக வந்த டி. ஆர். நாணயக்கார சிங்கள சினிமாவின் அருமையான நடிகர். ஆங்கிலம் வராது என்பதால் ஸ்பீல்பெர்க் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொல்லிக்கொடுக்க, அவர் திருப்பிச் சொன்னார். அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஹரிசன் ஃபோர்டையே மறக்கடிக்கிறார் மனுஷன்.

எங்களுக்குக் குறை அந்தத் தெரிவில்தான். மலையில் நிஜமாகவே இந்திய வம்சாவளிச் சனம் லட்சக்கணக்கில் இருக்கிறது. ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்று ரயிலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஹட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரி, தலைமன்னாரில் கப்பல். இந்தியா வேண்டும் என்று வந்த கமிரா, இந்தியாக்காரர் என்று துரத்தப்பட்டவர்களைப் பார்க்காமல், பக்கத்திலேயே வேறொரு இந்தியாவைப் பொய்யாகக் கட்டியது. அதிலே வில்லன் காளி பக்தன். காளி என்றால் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கிற கூட்டம். சல்காரி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய அதே பூச்சாண்டி, இந்த முறை டொல்பி ஒலியில். எங்கள் தோட்டங்களில் லயத்துத் தொங்கலில் இருக்கிற காளியம்மனும் மாரியம்மனும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேப்பிலை அடிக்கிற தெய்வங்கள், அவ்வளவுதான். கதையில் கிராமத்துப் பிள்ளைகளைப் பிடித்துச் சுரங்கத்தில் வேலை வாங்குவது காளி பக்தர்கள், காப்பாற்றுவது வெள்ளைக்காரன், கடைசியில் வந்து சுட்டுக் கதையை முடிப்பது பிரிட்டிஷ் படை. இந்த மலையில் பிள்ளைகளை வேலை வாங்கியது யார் என்று 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பார்த்தால் தெரியும். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, பிள்ளைக்கு ஒரு கூலி என்று சட்டமே மூன்று கூலி வைத்திருந்தது.

யூனிட் போன கொஞ்ச நாளில் ஜூலை வந்தது. கொழும்பு எரிந்தது, கண்டி எரிந்தது, நுவரெலியா எரிந்தது, பதுளை எரிந்தது. அந்த ஜூலையிலேதான் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. தமிழன் ஸ்டூடியோ என்று கொளுத்தினார்கள், உள்ளே வெந்துபோனதில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் உண்டு. ஸ்பீல்பெர்க்கின் சுருள் பத்திரமாக லண்டன் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் உலகம் முழுக்கக் கைதட்டிப் பார்த்தது. இங்கே மிஞ்சியது பெருமை மட்டும்: 'எங்க ஊர்ல எடுத்த படம்.'

'சினிமாவைச் சினிமாவாகப் பாருங்களேன்' என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அப்படியென்றால் லென்சியையும் சினிமாவாகப் பாருங்கள், ஏன் அவருக்கு மட்டும் வெட்கப்படுகிறீர்கள்? இழிவு என்றால் எல்லாருடையதும் இழிவு. இல்லையென்றால் எல்லாரையும் விடுங்கள். பட்ஜட்டைப் பார்த்துத் தராசைத் தூக்காதீர்கள்.

இந்த இத்தாலியப் படங்களை நல்ல படம் என்று நாங்கள் சொல்லவில்லை. மிருகங்களை நிஜமாகவே கொன்று படம் பிடித்திருக்கிறார்கள். மார்ட்டினோ படத்தில் ஒரு மலைப்பாம்பு குரங்கைப் பிடிக்கிற காட்சி இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுத்தான் பார்த்தோம். பெண்களை நடத்துகிற விதம் குமட்டும். நியூ கினியா மக்களின் பெயரைக் கெடுத்ததற்கு எந்த மன்னிப்பும் இல்லை. இதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நாங்கள் ஆளில்லை. இன்னொன்று, இப்போது யூடியூபில் 'பார்த்தே ஆக வேண்டிய பத்து மொக்கைப் படங்கள்' என்று சிரித்துக்கொண்டு போடுகிறார்கள், நம்ம தமிழ்ப் பிள்ளைகளும் போடுகிறார்கள். ஹீரோவைப் பார்த்துச் சிரியுங்கள், ரப்பர் முதலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரியுங்கள், நாங்களும் வருகிறோம். பின்னால் இலை கட்டி நிற்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அன்றைய நாள் சம்பளத்துக்கு நின்றவர் அவர். அவர் பெயர் கடைசி எழுத்தோட்டத்தில் கூட வராது. இந்த நாட்டில் யாரோ ஒருவருக்கு அவர் தாத்தா.

'தி கிரேட் அலிகேட்டர்' படத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பணக்காரர் காட்டுக்குள் ஆற்றோரமாகச் சொகுசு ஹோட்டல் கட்டுகிறார். அங்கே வாழ்கிற சனம் சுற்றுலாக்காரருக்கு வேடிக்கை காட்டுகிற பொருளாகிறது. பிறகு முதலை வருகிறது, சனம் எழும்புகிறது, ஹோட்டல் கதை முடிகிறது. கதை 'ஜாஸ்' இலிருந்து சுட்டதுதான், முதலை பிளாஸ்டிக்தான். ஆனால் இன்றைக்குத் துரை பங்களாக்கள் எல்லாம் சொகுசு ஹோட்டலாகி, ஒரு இரவுக்கு வாங்குகிற காசு கொழுந்து பறிக்கிறவரின் மாதச் சம்பளத்தைத் தாண்டி நிற்க, விருந்தாளி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிற காலத்தில், எங்களுக்கு இந்த மொக்கைப் படம் 'எலிபன்ட் வாக்'கை விட விளங்குகிறது. குறைந்தபட்சம் அதில் சனத்துக்குக் கோபம் வருகிறது.

நம்மவர்களும் மலையை ஒழுங்காகக் காட்டிவிடவில்லை. தமிழ்நாட்டுச் சினிமாவுக்குத் தேயிலை மலை என்றால் டூயட். படங்கு கட்டாத, அட்டை கடிக்காத, நகக்கண் கறுக்காத கதாநாயகி கூடையோடு ஓடி வருவார். பாலாவின் 'பரதேசி' (2013) விதிவிலக்கு. அதுவும் பி. எச். டேனியல் என்ற டாக்டர் எழுதிய 'ரெட் டீ' நாவலை வைத்து எடுத்துவிட்டு, படத்தில் டாக்டரையே மதம் மாற்ற வந்த கோமாளியாக ஆட விட்டது. இங்கே வி. பி. கணேசன் என்று ஒருவர் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர். 1975இல் 'புதிய காற்று', பிறகு 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' என்று தன் காசைப் போட்டுப் படம் எடுத்து, தானே நடிக்கவும் செய்தார். பாட்டு, சண்டை, வசனம் எல்லாம் அந்தக் காலத்து மசாலாதான், இத்தாலியருக்குக் குறைந்த மசாலா இல்லை. ஆனால் அதில் மலை மலையாக இருந்தது, லயம் லயமாக இருந்தது. கித்துல்கல பாலத்தின் அத்திவாரத்தைக் காட்ட கைடு இருக்கிற ஊரில், மலையக வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்த அந்த ஆள் எங்கே நின்று எடுத்தார் என்று காட்ட யாரும் இல்லை.

காட்டு ஆக்‌ஷன் வேண்டுமென்றால் எங்களிடம் இல்லாததா? குளவி கொட்டிக் கொழுந்து மலையில் ஆட்கள் விழுகிறார்கள், செத்தும் போகிறார்கள். பேப்பரில் நான்கு வரி வரும். தேயிலைச் செடிக்குள் சிறுத்தை குட்டி போடுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டி, பிறகு செத்தது, நாடே அழுதது. அந்தச் செடிக்குள் காலை பெரட்டு முடிந்து இறங்குகிற பொம்பிளைக்காக யாரும் அழவில்லை. மழையில் மண்சரிகிறது, லயம் நடுச்சாமத்தில் புதைகிறது. இதில் எதற்கும் மனிதன் தின்னி தேவையில்லை.

அதனால்தான் இந்த இத்தாலிய ஆட்களின் தொழில் தந்திரம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பொட்டில் சத்தம் பதியாதே, பிறகு டப் பண்ணு. பெரிய வெடிக்குச் சின்ன பொம்மை வீடு கட்டி எரி. இருக்கிற இடத்தையே செட்டாக வை. ஆளில்லையா, போன படத்துக் காட்சியை வெட்டி ஒட்டு. ஒரு போனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். குளவிக் கதை ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், 20 நிமிஷம் வரும். குளவிக்குக் கறுப்புப் பாசிமணி, நைலோன் நூல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறி பேசியாயிற்று. நடிக்க எங்கள் அத்தைமார் வருகிறார்கள், வேலை நாளில் கூப்பிட்டால் பேர் விழாது என்பதால் ஞாயிறு மட்டும்தான். டப்பிங்கை இரவில் காம்பராவுக்குள் போர்வையை மாட்டிச் செய்துகொள்ளலாம். துரை குரலுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆங்கிலம் கலந்து திட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.